தபாலில் பயணம் செய்யும் மீன்கள்

தபால் தலை சேர்த்தல், நாணயம் சேர்த்தல், பூவேலை செய்தல், தோட்டம் போடுதல் என ஓய்வு நேரத்தை இனிமையாக்கும் பொழுதுபோக்குகள் பல உள்ளன. வண்ண மீன் வளர்ப்பும் அவற்றுள் ஒன்று. நம் தோழியர் பலரின் வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் பொன்மீனும் கப்பியும் மோலியும் நீந்தி விளையாடுவதை நாம் கண்டிருக்கிறோம். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் பாதி நீரும் பாதி காற்றும் நிரப்பி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டித் தருவார். பை உடையாமல் வீடு வந்து சேரும் வரை நமக்கு மூச்சு நிற்காத குறைதான்!

ஆனால், நீரே இல்லாமல் ஒரு தபால் உறைக்குள் மீன்கள் ஊர்விட்டு ஊர் செல்கின்றன என்றால் நம்புவீர்களா? தபால்காரர் கொண்டுவந்து தரும் ஒரு பிடி ஈர மண்ணைத் தண்ணீரில் போட்டால், சில மணி நேரத்தில் அதிலிருந்து மீன் குஞ்சுகள் நீந்தி வரும் என்றால் வியப்பாக இல்லையா? இது மாயவித்தையன்று. கில்லிமீன் வளர்ப்போர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் சாதாரண வேலை. உலகில் மிகச் சிலரே கைக்கொண்டுள்ள இந்தச் சிறிய பொழுதுபோக்கு எவ்வாறு வளர்ந்தது, அதனால் உலகிற்கு விளைந்த நன்மை என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கில்லிமீன் என்பது எது?

கில்லி என்றதும் நம் ஊர்ச் சிறுவர்கள் தெருவில் ஆடும் விளையாட்டு நினைவிற்கு வரலாம். ஆங்கிலம் தெரிந்தவர்களோ இது கொல்லும் மீன் என்று எண்ணி அஞ்சலாம். இரண்டும் இல்லை. டச்சு மொழியில் ‘கில்’ என்றால் சிற்றோடை, கால்வாய் என்று பொருள். அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் ஓடைகளில் கண்ட சிறு மீன்களுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. இன்று அப்பெயர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் குறிக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை நம் சுண்டுவிரல் அளவே இருப்பவை. ஆண் மீன்கள் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மயிலைப் போல் ஒளிவிடும். பெண் மீன்களோ மங்கிய நிறத்தில் அடக்கமாகக் காணப்படும்.

ஆஸ்திரேலியாவும் அன்டார்க்டிகாவும் தவிர மற்றக் கண்டங்கள் எல்லாவற்றிலும் இம்மீன்கள் உள்ளன. நம் நாட்டிலும் இவற்றின் உறவினர் உண்டு. தென்னிந்தியாவின் குளங்களிலும் கிணறுகளிலும் நெல்வயல் வாய்க்கால்களிலும், தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மின்னும் ஒரு சிறு மீன், நீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும். கேரளத்தில் அதற்கு ‘மானத்துக்கண்ணி’ என்று பெயர். வானத்தைப் பார்க்கும் கண்ணை உடையது என்பது பொருள். எவ்வளவு அழகிய பெயர்! கொசுப் புழுக்களை விரும்பித் தின்பதால் அது நமக்கு நண்பனும் ஆகும்.

கில்லிமீன்களில் ஒன்று விண்வெளிக்கே சென்று வந்திருக்கிறது. 1973-ல் ‘ஸ்கைலாப்’ விண்வெளி நிலையத்திற்கு மம்மிச்சாக் என்னும் கில்லிமீன்கள் இரண்டும் அவற்றின் முட்டைகளும் கொண்டு செல்லப்பட்டன. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் அம்மீன்கள் முதலில் வட்டமடித்துச் சுழன்றன. பின்னர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டன. ஆனால் அங்கேயே பொரித்த குஞ்சுகள் தொடக்கம் முதலே ஒழுங்காக நீந்தின. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தர வேண்டியதில்லை என்ற நம் பழமொழி விண்வெளியிலும் பொய்க்கவில்லை!

மழையோடு பிறந்து வெயிலோடு மறைபவை

கில்லிமீன்களில் ஒரு பிரிவினருக்கு ‘ஓராண்டு மீன்கள்’ என்று பெயர். நெல், கேழ்வரகு போன்ற பயிர்கள் ஒரு பருவத்தில் முளைத்து, விளைந்து, விதையைத் தந்துவிட்டு மடிகின்றன அல்லவா? இம்மீன்களின் வாழ்வும் அதுபோன்றதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ஜார்ஜ் மயர்ஸ் 1952-ல் இவற்றின் வாழ்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்தது மீன் வளர்ப்போர் படிக்கும் ஒரு சஞ்சிகையில் என்பது குறிப்பிடத்தக்கது.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் சிறு பள்ளங்கள் உண்டு. மழை விழுந்ததும் அவற்றில் மீன் குஞ்சுகள் தோன்றும். அவற்றிற்குக் காலம் மிகக் குறைவு. ஆகவே வேகமாகத் தின்று வேகமாக வளரும். மொசாம்பிக் நாட்டில் ஓர் இனம் பொரித்த 14 நாட்களிலேயே முட்டையிடும் பருவத்தை அடைவதாக 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. தாய் மீனும் தந்தை மீனும் சேற்றில் நாள்தோறும் முட்டைகளைப் புதைத்து வைக்கும். பின்னர் வெயில் ஏறும், நீர் வற்றும், பெரிய மீன்கள் அனைத்தும் மடிந்துபோகும். பள்ளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆனால் மண்ணுக்குள் முட்டைகள் உயிரோடு உறங்கிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து மீண்டும் மழை வரும்போது அவை விழித்தெழும்.

இதில் இன்னொரு அதிசயமும் உண்டு. எல்லா முட்டைகளும் முதல் மழைக்கே பொரிப்பதில்லை. சில முட்டைகள் இரண்டாவது மழைக்கோ அடுத்த ஆண்டிற்கோ காத்திருக்கும். முதல் மழை ஏமாற்றிவிட்டு நீர் உடனே வற்றிப்போனால், பொரித்த குஞ்சுகள் எல்லாம் மாண்டுவிடும்; அப்போது வம்சத்தைக் காப்பாற்ற உறங்கும் முட்டைகள் இருக்கும். விதை நெல் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாத நம் உழவரின் முன்யோசனை இச்சிறு மீனுக்கும் வாய்த்திருக்கிறது.

உறைக்குள் ஒரு குளம்

சேற்றில் உறங்கும் முட்டைக்கு நீர் தேவையில்லை என்றால், அதைத் தபாலில் அனுப்பலாம் அல்லவா? இந்த எளிய எண்ணமே இப்பொழுதுபோக்கின் உயிர்நாடி ஆயிற்று.

வளர்ப்போர் செய்யும் முறை இதுதான். சிறிய தொட்டி ஒன்றில் ஓர் ஆண் மீனையும் இரண்டு பெண் மீன்களையும் விடுவார்கள். இவை துள்ளிக் குதிப்பதில் வல்லவையாதலால் தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். அடியில் ஒரு கிண்ணத்தில் மக்கிய பாசியாலான ‘பீட்’ என்னும் கருநிறப் பொருளை வைப்பார்கள். மீன்கள் அதனுள் புகுந்து ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர் அளவே இருக்கும். ஓரிரு வாரம் கழித்து அந்தப் பீட்டை வலையில் வடித்து, பால் பிழிந்த தேங்காய்த் துருவலைப் போன்ற ஈரப்பதம் வரும் வரை உலர்த்துவார்கள். பிறகு பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, மேலே மீனின் பெயரையும் தேதியையும் எழுதுவார்கள். அவ்வளவுதான்! அப்பையை உறையிலிட்டுத் தபாலில் சேர்த்துவிடலாம். வெளிநாட்டிற்கு அனுப்புவதானால் அந்தந்த நாட்டின் அனுமதியும் வேண்டும்.

பெற்றுக்கொண்டவர் அதைச் சூடு குறையாத இடத்தில் ஒரு பெட்டியில் வைத்திருப்பார். சான்சிபார் தீவைச் சேர்ந்த குந்தர் கில்லிமீனின் முட்டைக்குச் சுமார் மூன்று மாதம் போதும். தென் அமெரிக்க இனங்கள் சிலவற்றிற்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்படும். பொறுமையில்லாதவர் இதில் வெற்றி பெற முடியாது. முட்டைக்குள் குஞ்சின் கண்கள் இரு புள்ளிகளாகத் தெரியத் தொடங்கியதும், பீட்டின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். ஆப்பிரிக்க மழை அந்தக் கிண்ணத்தில் பெய்துவிட்டது! சில மணி நேரத்தில் ஊசி முனை போன்ற குஞ்சுகள் துள்ளத் தொடங்கும்.

நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றும் இங்கே உண்டு. பீட்டைத் தோண்டுவதால் குளிர்நாடுகளின் சதுப்பு நிலங்கள் அழிகின்றன. ஆகவே இப்போது வளர்ப்போர் பலர் அதற்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிப்போர் ஒரு காலத்தில் மலைபோல் குவித்து வைத்திருந்த அதே கழிவுதான்!

கைகள் சேர்ந்து வளர்த்த கலை

இம்மீன்களைச் சாதாரணக் கடைகளில் காண்பது அரிது. ஆயுள் குறைந்த மீனை வாங்கி விற்பதில் வியாபாரிக்கு லாபமில்லை. அப்படியானால் கடையில் கிடைக்காத மீனை எங்கே பெறுவது? இன்னொரு வளர்ப்பவரிடமிருந்துதான். இக்காரணத்தால் கில்லிமீன் வளர்ப்போர் ஒருவரையொருவர் தேட வேண்டியதாயிற்று. 1960-களில் அமெரிக்கக் கில்லிமீன் சங்கமும் பிரிட்டிஷ் கில்லிமீன் சங்கமும் தோன்றின. ஜெர்மனி முதலிய நாடுகளிலும் சங்கங்கள் அமைந்தன. அங்கத்தினர் தம்மிடம் மிகுதியாக உள்ள மீன், முட்டை ஆகியவற்றின் பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்புவர். அது அச்சாகி எல்லோருக்கும் போய்ச் சேரும். தேவைப்பட்டவர் எழுதிப் பெற்றுக்கொள்வர். ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சியும் ஏலமும் நடக்கும். புதியவர்களுக்குப் பழையவர்கள் வழிகாட்டுவர். ஓர் ஊரில் ஒருவராகத் தனித்துக் கிடந்தவர்கள் இவ்வாறு ஒரு குடும்பமானார்கள்.

இவர்கள் அனைவரும் பட்டம் பெற்ற விலங்கியல் அறிஞர்கள் என்று எண்ண வேண்டாம். டென்மார்க் ராணுவ அதிகாரியான கர்னல் ஷீல் வீட்டில் தொட்டிகள் வைத்து மீன்களை இனங்கலந்து ஆராய்ந்தவர். அவர் 1968-ல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர் பெற்றது. ஆப்பிரிக்கக் கில்லிமீன் ஒன்றுக்கு 1970-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இச்சங்கத்தார் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று நம் மனத்தைக் கவர்கிறது. மீனின் பெயரை மட்டும் எழுதினால் அவர்கள் ஏற்பதில்லை. எந்த நாட்டில், எந்த ஊர் அருகே, எந்த ஆண்டில் பிடிக்கப்பட்ட மீனின் வழிவந்தது என்பதையும் குறிக்க வேண்டும். பத்துத் தலைமுறை கடந்தாலும் இக்குறிப்பு மாறாமல் மீனோடு கூடவே செல்லும். ஒரே இனமாயினும் ஓர் ஊர் மீனை மற்றோர் ஊர் மீனுடன் கலப்பதில்லை. குறிப்பு தொலைந்துபோன மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மதிப்புக் குறைவே. ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அடுத்த வரலாற்றில் உள்ளது.

யானைகளின் நாட்டிலிருந்து ஆராய்ச்சிக் கூடத்திற்கு

ஜிம்பாப்வே நாட்டில் கோனரேஷு என்னும் வனவிலங்குப் பூங்கா உள்ளது. ‘யானைகளின் இடம்’ என்பது அப்பெயரின் பொருள். 1960-களின் இறுதியில் அங்குள்ள பள்ளங்களில் ரிச்சர்டு ஃபர்சர் என்பவர் ஒரு கில்லிமீனைக் கண்டார். 1971-ல் அதற்கு அவர் பெயரையே விஞ்ஞானப் பெயராக வைத்தார்கள். பின்னர் அம்மீன் வளர்ப்போர் கைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. புகழில்லை, பணமில்லை, ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிலர் அதைக் கைவிடவில்லை. ஊர்ப் பெயரையும் மறக்கவில்லை.

2003-ல் இத்தாலியைச் சேர்ந்த கில்லிமீன் ஆர்வலர் ஸ்டெஃபானோ வால்டெசாலிசியும் விஞ்ஞானி அலெசாண்ட்ரோ செல்லெரினோவும் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோனரேஷுவிலிருந்து வந்த அம்மீன்கள், தொட்டியில் குறையின்றி வளர்த்தபோதும், ஏறக்குறைய மூன்று மாதத்திற்குள் முதுமையடைந்து இறப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். மனிதர் எழுபது எண்பது ஆண்டுகளில் கடக்கும் பாதையை இது ஒரு பள்ளிப் பருவத் தேர்வுக்குள் கடந்துவிடுகிறது! நிறம் மங்குதல், உடல் கூனுதல் முதலிய முதுமை அடையாளங்களும் இதனிடம் தோன்றுகின்றன. முதுமை ஏன் வருகிறது என்று ஆராய்வோருக்கு இதைவிட நல்ல துணை கிடைக்குமா? 2015-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. இன்று ஜெர்மனியின் கொலோன், ஜேனா நகரங்களிலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் உள்ள ஆராய்ச்சிக் கூடங்களில் இம்மீன் வளர்க்கப்படுகிறது.

நம் தாத்தா பாட்டியரின் தளர்ச்சிக்கு நாளை ஒரு விடை கிடைக்குமானால், அதில் இந்த மீனை விடாமல் வளர்த்தவர்களுக்கும் பங்கு உண்டு. பையின்மேல் இடத்தின் பெயரை ஒழுங்காக எழுதிய அந்தக் கைகளை யார் அறிவார்?

ஒரே ஊற்றில் இரண்டு மீன்கள்

மகிழ்ச்சியான செய்தியோடு முடித்துவிடலாம். ஆனால் உண்மை முழுவதையும் சொல்வதே முறை.

மெக்சிகோ நாட்டின் வடகிழக்கில் எல் போதோசி என்னும் இடத்தில் ஓர் ஊற்று இருந்தது. கில்லிமீன்களின் உறவினங்கள் இரண்டு அந்த ஊற்றில் மட்டுமே வாழ்ந்தன. ஒன்றின் பெயர் போதோசி மீன். மற்றொன்றின் பெயர் கேட்டரினா மீன். வேளாண்மைக்காக நிலத்தடி நீரை மேலும் மேலும் இறைத்ததால் ஊற்று வற்றியது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பெரிய மீன்கள் எஞ்சியவற்றைத் தின்றன. 1990-களின் நடுவில் இரண்டு இனங்களும் இயற்கையில் இல்லாமற் போயின.

அதற்கு முன்னரே சிலர் இரண்டையும் தொட்டிகளில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். போதோசி மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகிக்கொண்டது. வளர்ப்போர் பலர் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றும் விலங்குக் காட்சிச்சாலைகளிலும் ஆர்வலர் வீடுகளிலும் அது வாழ்கிறது. கேட்டரினா மீனை வளர்ப்பது மிகக் கடினமாக இருந்தது. அதை வைத்திருந்த இடங்களும் மிகச் சில. ஒரு தொட்டியில் விளக்கு அணைந்தது. பிறகு இன்னொரு தொட்டியில் அணைந்தது. 2014-ல் கடைசி மீனும் இறந்தது. உலகில் எங்குமே இனி அம்மீன் இல்லை.

ஒரே ஊற்றில் பிறந்த இருவரில் ஒருவர் இருக்கிறார், ஒருவர் இல்லை. திறமையும் அன்பும் கொண்டவர்களிடம் இருந்தும் கேட்டரினா மீன் பிழைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஓரிரு கைகளில் மட்டும் இருக்கும் பொருள், அக்கைகள் தளரும்போது விழுந்துவிடுகிறது. பல கைகளுக்குக் கொடுத்து வைத்தால், ஒருவர் இழந்ததை மற்றொருவர் திருப்பித் தர முடியும். அரிய மீனைத் தாம் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அதை இழக்கவே வழி செய்கிறார்.

நாம் செய்யத்தக்கவை

தோழியரே, கில்லிமீன் வளர்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பெரிய தொட்டியோ விலையுயர்ந்த கருவிகளோ கூடத் தேவையில்லை. நம் ஊர்க் குளத்திலேயே வெள்ளிப் பொட்டு மீன் இருக்கிறது. பெரியவர்கள் துணையோடு அதைப் பார்த்து, எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, கோடையில் எங்கே போகிறது என்று குறித்து வைப்பதே முதற்படி. கடையில் வாங்கிய மீன் எதையும் ஏரியிலோ கிணற்றிலோ கால்வாயிலோ விட்டுவிடக் கூடாது. எல் போதோசியில் நடந்தது நம் ஊரிலும் நடக்க நாம் காரணமாகலாகாது. வளர்க்க முடியவில்லையென்றால் வளர்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது பெயர், வந்த இடம், தேதி மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீன் தொட்டி படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டாம். நாள் தவறாமல் தீனி போடவும், வாரம் தவறாமல் நீர் மாற்றவும், மூன்று மாதம் ஒரு பையைப் பார்த்தபடி காத்திருக்கவும் பழகிய பெண், பாடப் புத்தகத்தையும் பொறுமையுடன் படிப்பாள் என்றே நாங்கள் நம்புகிறோம்.

பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் விரைவில் தேர்வு எழுதி இவ்வகுப்பை விட்டுச் செல்லவிருக்கிறோம். விஞ்ஞானக் கூடத்துத் தொட்டியிலுள்ள கப்பி மீன்களை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைக்கிறோம். அவை அரிய மீன்கள் அல்ல. எந்தக் கடையிலும் கிடைப்பவைதாம். ஆயினும் அவற்றோடு ஒரு நோட்டுப்புத்தகத்தையும் சேர்த்துத் தருகிறோம். எந்த நாளில் குஞ்சுகள் பிறந்தன, எந்த நாளில் நீர் மாற்றினோம், யார் வீட்டிற்கு எத்தனை குஞ்சுகள் கொடுத்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. தங்கைகளே, மிச்சப் பக்கங்களை நீங்கள் எழுதுங்கள். பிறகு உங்களுக்குப் பின் வருபவர்களிடம் மீனையும் புத்தகத்தையும் சேர்த்தே கொடுங்கள்.